ஆறு பேருக்கு ஒரு கார்டு

ஆஸ்பத்திரிக் கார்டு எடுப்பதால் பிரயோஜனம் உண்டா என்று இன்றைக்கும் ஆட்கள் என்னிடம் கேட்கிறார்கள். பஸ்ஸில் கேட்கிறார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து கேட்கிறார்கள். நாலரை வருடம் அந்தக் கார்டைப் பையில் போட்டுக்கொண்டு நாமக்கல் சுற்றுவட்டாரம் முழுக்க அலைந்தவள் நான். கார்டுக்கார அம்மிணி என்றால்தான் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். நியாயமாகப் பார்த்தால் பதில் என் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். இல்லை. கேட்டவுடன் ஒரு லாரிக்கார அண்ணன் முகம்தான் வருகிறது. என்னிடம் முதன்முதலாகக் கார்டு வாங்கியவர் அவர். அந்தக் கார்டை நம்பித்தான் அவர் செத்துப்போனார், அப்படி நம்ப வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு இப்போது முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

கார்டு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லில் புதிதாக ஒரு தனியார் ஆஸ்பத்திரி வந்தது. நான்கு மாடி, கண்ணாடி முகப்பு, வாசலில் பிள்ளையார். வருடத்துக்கு எண்ணூறு ரூபாய் கட்டினால் ஒரு குடும்பத்தில் ஆறு பேர் பெயரைப் போட்டு ஒரு பிளாஸ்டிக் கார்டு கொடுப்பார்கள். அதைக் காட்டினால் டாக்டரைப் பார்க்க ஃபீஸ் கிடையாது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேனுக்கு நூற்றுக்கு இருபது குறையும், மருந்துக்குப் பத்து, படுத்தால் பதினைந்து. மீதியெல்லாம் நம் கைக்காசு. இது இன்சூரன்ஸ் இல்லை என்று கார்டின் பின்பக்கம் எறும்பு அளவு எழுத்தில் அச்சடித்திருக்கும். நான் அதை வாயாலும் சொல்லிவிடுவேன். பொய் சொல்லி விற்றாள் என்று ஒருத்தரும் என்னைக் கைகாட்டிச் சொல்ல முடியாது.

ஆசைப்பட்டுப் போன வேலை இல்லை அது. ஊரடங்கெல்லாம் முடிந்த சமயம். வீட்டுக்காரருக்குத் தீவன மில்லில் பாதிச் சம்பளம்தான் வந்துகொண்டிருந்தது. மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். ஒரு கார்டுக்கு இவ்வளவு என்று கமிஷன், மாதச் சம்பளம் கிடையாது, வண்டிக்குப் பெட்ரோல் நம்முடையது என்றார்கள். சரி என்று இறங்கிவிட்டேன். கமிஷன் ஆள் என்பதால் ஊழியர்களுக்குக் கொடுக்கும் சலுகை எதுவும் எனக்கு இல்லை. நாமே எண்ணூறு கட்டி ஒரு கார்டு எடுத்துக்கொள்ளலாம் என்று மாதாமாதம் நினைப்பேன், மாதாமாதம் அந்த எண்ணூறுக்கு வேறு செலவு வந்து நிற்கும். ஊருக்கெல்லாம் விற்றேன், எனக்கென்று ஒன்று எடுக்கவில்லை.

முதல் மூன்று வாரம் ஒரு கார்டு கூடப் போகவில்லை. நன்றாக இருக்கிறவர்கள் வீட்டில் போய் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தால் யாருக்குப் பிடிக்கும்? ஜேடர்பாளையத்தில் ஒரு வீட்டுக்கு வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் போய்விட்டேன். அந்த வீட்டம்மா உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, மகள் என்ன படிக்கிறாள் என்பது வரைக்கும் விசாரித்தார். பையிலிருந்து நோட்டீஸை எடுத்தேனோ இல்லையோ, முகம் மாறிவிட்டது. நான் தெருமுனை திரும்புவதற்குள் பின்னால் வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. எனக்கு வந்ததே கோபம். திரும்பிப் போய் நாலு வார்த்தை கேட்கலாம் என்று வண்டியைக்கூட நிறுத்திவிட்டேன். மோர் குடித்த வயிறாயிற்றே, பேசாமல் வந்துவிட்டேன்.

பள்ளிபாளையத்தில் வேறு கூத்து. தறிச் சத்தத்துக்கு நடுவே நான் தொண்டை வறளக் கத்தினேன். தறிக்காரம்மா ஒருத்தர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தள்ளுபடிக் கார்டுக்கே தள்ளுபடி இல்லையா, ஐந்நூறுக்குக் கொடு என்றார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எடுத்துவிட்டார். முடியாது என்றதும், அப்புறம் என்ன பெரிய தள்ளுபடி என்று தறியைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அவர் கேட்டதில் என்ன தப்பு?

நான்காவது வாரம் மோகனூருக்குப் போனேன். ஆலை ஓடும் பருவம். கரும்புச் சாறு காயும் வாசனை ரோடு வரைக்கும் வந்து மூக்கில் ஏறும். அந்த வாசனை எங்கே வந்தாலும் இப்போதும் என் கை தானாகப் பையைத் தடவுகிறது. அங்கேயும் ஒன்றும் நடக்காமல் வெறும் கையோடு திரும்பி வரும்போதுதான், ரோட்டோரம் ஒரு வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் லாரி நிற்பதைப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு புருஷனும் பெண்சாதியும் தார்ப்பாய் மடித்துக்கொண்டிருந்தார்கள். லாரித் தார்ப்பாயை இரண்டு பேர் மடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. அன்றைக்குக் காற்று வேறு. ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை பறக்கிறது. அந்த அக்கா திட்டிக்கொண்டே இருக்கிறார், அவர் சிரித்துக்கொண்டே இருக்கிறார். எனக்கு என்ன தோன்றியதோ, வண்டியை நிறுத்திவிட்டுப் போய்ப் பறந்த முனையைப் பிடித்தேன். யார் எவர் என்று ஒரு கேள்வி இல்லை.

"இழுத்துப் புடி அம்மிணி, உடாத" என்றார் அண்ணன்.

மூன்று பேருமாக மடித்து, உருட்டி, கயிறு போட்டுக் கட்டி முடித்த பிறகுதான் அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஆமா, நீ யாரு சாமி என்று கேட்டார். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்போடு டீயும் வந்தது. நான் நோட்டீஸை எடுத்து என் பாட்டைப் பாட ஆரம்பித்தேன். பாதிகூட முடிக்கவில்லை, அண்ணன் தொடையைத் தட்டினார்.

"அட, இது நம்ம பங்க் கார்டு மாதிரி. இதைச் சொல்றதுக்கா இவ்வளவு நேரம்?"

லாரி இல்லாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டீசல் பங்குகளில் லாரிக்காரர்களுக்கு ஒரு கார்டு கொடுப்பார்கள். அந்தக் கம்பெனிப் பங்கில் அந்தக் கார்டைக் கொடுத்து டீசல் அடித்தால் கொஞ்சம் காசு குறையும். கார்டு வைத்திருக்கிற லாரிக்காரர் லேசில் வேறு பங்குக்கு வண்டியைத் திருப்ப மாட்டார். டேங்கில் எவ்வளவு கிடக்கிறது, நம்ம பங்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே, வழியில் இருக்கிற பத்துப் பங்கைத் தாண்டிப் போவார். அண்ணன் அதில் பலே ஆள். ஒரு தடவை கர்நாடகத்திலிருந்து வரும்போது டீசல் முள் கீழே படுத்த பிறகும் நாற்பது கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு வந்து தன் பங்கு வாசலில் சேர்த்தேன் என்று பெருமையாகச் சொல்வார். டீசல் பைப்புல ஏர் புடிச்சு நடு ரோட்டுல நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும் என்று அக்கா ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சொல்வார். நின்னுச்சா, நிக்கலையில்ல என்று அவரும் ஒரே மாதிரி சொல்வார். அந்தக் கதையைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். பத்துத் தடவையும் சிரித்தேன்.

அன்றைக்கே எண்ணூறு ரூபாயை எடுத்துக் கொடுத்தார். படிவத்தில் ஆறு வரி. தன் பெயர், அக்கா பெயர், மகன், மகள், மாமியார் என்று ஐந்து சொன்னார். ஆறாவது யாருங்கண்ணா என்றேன். யோசித்துவிட்டு, வேப்பமரத்தடியைப் பார்த்தார்.

"லாரியை எழுதிக்க அம்மிணி. எங்க ஊட்டுல அதுக்குத்தான் அடிக்கடி ஒடம்புக்குச் சேராமப் போகுது."

எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் ஒரு கார்டு விற்ற சந்தோஷம் மட்டும் இல்லை. மூன்று வாரமாக நான் தொண்டை வறண்டும் விளங்க வைக்க முடியாததை அந்த மனிதர் ஒரே பேச்சில் சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து நானும் அதையே பிடித்துக்கொண்டேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு லாரி, இல்லாவிட்டால் லாரியில் வேலை செய்கிறவர், அதுவும் இல்லாவிட்டால் போர்வெல் வண்டி. பங்க் கார்டு மாதிரிங்க என்றால் போதும், அடுத்த கேள்வியே வராது. நோட்டீஸைக்கூடப் படிக்காமல் பெயர் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அந்த வருடம் கமிஷன் ஆட்களில் அதிகம் கார்டு போட்டது நான்தான். மேனேஜர் எல்லோர் முன்னாலும் ஒரு குக்கர் பரிசாகக் கொடுத்துக் கைதட்டச் சொன்னார். நானும் வாங்கிக்கொண்டு இளித்தேன்.

அக்காவுக்கு இந்தக் கார்டெல்லாம் ஆகாது. கார்டு எடுத்துப் பத்து மாதம் ஆகியும் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. காலில் முள் குத்தி இரண்டு மாதமாக ஆறாமல் கிடந்ததை மஞ்சள் பற்றுப் போட்டு, சேலைக்குள் மறைத்துக்கொண்டே திரிந்திருக்கிறார். கார்டு இருந்தாலும் டாக்டர் ஃபீஸ் முந்நூறைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம். வருடம் முடியப்போகிறது என்று நான் நினைவுபடுத்தப் போயிருந்தபோது அண்ணன் அவரைப் பிடித்துக்கொண்டார். எண்ணூறு ரூபாய் கட்டி ஒரு தடவைகூட டாக்டரைப் பார்க்காமல் வருடத்தை முடித்தால் முழுக்க நஷ்டம், சும்மாதானே பார்க்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். காலுக்காக இல்லை, எண்ணூறு வீணாகப் போகக் கூடாது என்றுதான் அக்கா கிளம்பினார். என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.

சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் பாதத்தையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார். இரண்டு மாதம் மருந்து கட்டிக் கட்டி ஆறியது. அப்புறம் மாதாமாதம் வருவார். சர்க்கரைக்காரர்கள் போடுகிற அந்த மெத்துமெத்தென்ற செருப்பைப் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியே தன்னுடையது மாதிரி நடப்பார். கவுண்டரில் என்னைப் பார்த்தால், நேற்று வைத்த ரசம் முதற்கொண்டு எல்லாம் சொல்லிவிட்டுத்தான் டாக்டரிடம் போவார்.

அந்த வருடங்கள் நன்றாக இருந்தன. கார்டு புதுப்பிக்கிற மாதம் வந்தால் எனக்கு அந்த வீட்டுக்குப் போவதுதான் முதல் வேலை. மோகனூர் மாம்பழம் ஒரு பை நிறையக் கட்டி வைத்திருப்பார்கள். அண்ணன் பர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் வைக்கிற லாரிப் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டுவார். ஆறாவது யாருங்கண்ணா என்று நான் கேட்டே ஆக வேண்டும், கேட்காவிட்டால் கோபித்துக்கொள்வார். ஒரு வருடம், கியர்பாக்ஸ் போச்சு, அதுக்கு எத்தனை பர்சன்ட் குறைப்பீங்க என்றார். இன்னொரு வருடம், வண்டிக்கு வயசாகிவிட்டது, கண் டாக்டரிடம் காட்டணும், ஹெட்லைட் மங்குது என்றார். கமிஷன் வேலையில் வெயிலும் அவமானமும்தான் அதிகம். அந்த ஒரு வீட்டுக்காக எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

நாலாவது வருடம், மத்தியானம் ஒன்றே கால் இருக்கும். நான் கவுண்டர் பக்கத்தில் நின்று படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளைக் கார் வேகமாக வந்து நின்றது. சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சட்டையெல்லாம் நனைந்து, முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. அண்ணன் என்று எனக்கு உடனே தெரியவில்லை. அவர்தான் என்னை முதலில் பார்த்தார். கையை லேசாகத் தூக்கினார். விரலுக்கு நடுவில் அந்தக் கார்டு.

"கொண்டாந்துட்டேன் அம்மிணி" என்றார். சிரிக்கப் பார்த்தார்.

கூட வந்த மாற்று டிரைவர் அழுதுகொண்டே சொன்னதை அப்புறம்தான் கோர்வையாக விளங்கிக்கொண்டேன். பள்ளிபாளையத்தில் துணி பேல் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பதினொன்றரை மணிக்கு அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாயுவாக இருக்கும் என்று சோடா குடித்திருக்கிறார். குறையவில்லை. குடோன்காரர் நல்ல மனிதர், தன் காரை எடுக்கச் சொல்லி, பாலத்தைத் தாண்டினால் ஈரோடு, பத்து நிமிடத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்றிருக்கிறார். அண்ணன் ஏறி உட்கார்ந்த பிறகு வேண்டாம் என்றாராம். எனக்கு நாமக்கல்லில் கார்டு இருக்கிறது, அங்கேயே விடுங்கள், ஒரு மணி நேரம் தாங்கும் என்றாராம். கார் பாலத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. திருச்செங்கோட்டைத் தாண்டும்போதும் அந்த டிரைவர் இங்கேயே காட்டிவிடலாம் என்று கெஞ்சியிருக்கிறார். நம்ம ஆஸ்பத்திரிக்கே போயிரலாம் என்றுதான் பதில். டேங்கில் இன்னும் கிடக்கிறது, பங்கு வரைக்கும் போய்விடும் என்று ஓட்டிப் பார்த்திருக்கிறார்.

மூன்றாம் நாள் போய்விட்டார். ஒரு மணி நேரம் முந்தி எங்கேயாவது காட்டியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கடைசி பில்லில் உறுப்பினர் தள்ளுபடி என்று ஒரு வரி இருந்தது. தவறாமல் கழித்திருந்தார்கள். அந்த வரியைப் பார்த்ததும் நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அண்ணனுக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எழவுக்குப் போனேன். கூட்டத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில், லாரிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, அக்கா கண்ணில் படாமல் வந்துவிட்டேன். அதற்கப்புறம் அந்த ரோட்டிலேயே போகவில்லை. மோகனூருக்குப் போக வேண்டுமென்றால் சுற்றி வேறு வழியில் போவேன். பெட்ரோல் என் காசு, போனால் போகிறது. அக்கா மாத மருந்துக்கு வருகிற நாள் எனக்குத் தெரியும், அன்றைக்கு வெளியூர் வேலை வைத்துக்கொள்வேன். கோழைத்தனம்தான். அந்த அக்காவின் முகத்தை எதை வைத்துக்கொண்டு பார்ப்பது? பங்க் கார்டு மாதிரி என்ற பேச்சை அவர் ஒரு தடவைதான் சொன்னார். ஊர் ஊராக எடுத்துக்கொண்டு போய்ப் பரப்பியவள் நான். அவரிடமே எத்தனை தடவை ஆமாங்கண்ணா, அதே மாதிரிதான் என்று தலையாட்டியிருக்கிறேன். அதே மாதிரி இல்லை என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஒரு கார்டு போகாமல் இருந்திருக்கும், அவ்வளவுதானே.

அதற்குப் பிறகு நான் மாற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். சளி, காய்ச்சல், சர்க்கரை, ஸ்கேன் என்றால் கார்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், நெஞ்சு வலி, அடிபட்டது, பாம்பு கடித்தது என்றால் கார்டை மறந்துவிட்டு எது பக்கமோ அங்கே ஓடுங்கள் என்பேன். கார்டைக் கொடுப்பதற்கு முன் பின்பக்கத்தில் பேனாவால் அதை எழுதியும் கொடுத்தேன். சிலர் சிரித்தார்கள், விற்க வந்தவளே வேண்டாம் என்கிறாளே என்று சிலர் கொடுத்த பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மேனேஜர் கூப்பிட்டு, யாருக்கு வேலை செய்கிறாய் என்றார். குக்கரைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கட்டுமா என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

ஏழு மாதம் கழித்துப் புதுப்பிக்கிற பட்டியல் வந்தது. முதல் வரியிலேயே அண்ணன் பெயர். நான் விற்ற முதல் கார்டு ஆயிற்றே. போன் செய்து வரச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டேன். மூன்றாம் நாள் காலையில் கவுண்டரில் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த மெத்துச் செருப்பு நடந்து வரும் சத்தம் கேட்டது. தலையைத் தூக்குவதற்குள் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார். நெற்றி வெறுமையாக இருந்தது. கழுத்து வெறுமையாக இருந்தது. மற்றபடி அதே அக்கா.

ஏன் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, செத்தவர் வீட்டில் டீ கூடக் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டாயா என்று எடுத்த எடுப்பில் கேட்டார். எனக்கு எல்லாம் சேர்ந்து கொட்டிவிட்டது. நான்தான் பங்க் கார்டு மாதிரி என்று சொல்லிச் சொல்லி அவரை நம்ப வைத்தேன், அதனால்தான் அவர் பாலத்தைத் தாண்டவில்லை, உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை என்றேன். பின்னால் டோக்கனோடு நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாகக்கூட இல்லை.

அக்கா தன் காலைக் குனிந்து பார்த்தார்.

"கோவம் இருந்துச்சு அம்மிணி. இல்லைன்னு சொன்னாப் பொய்யி. ரெண்டு மாசம் உன்னை நெனச்சு நெனச்சுக் கோவப்பட்டேன். அப்பறம் ஒரு நா மருந்து போடறப்ப இந்தக் காலைப் பார்த்தேன். இதுவும் அந்தக் கார்டுலதான நின்னுச்சு? ஒண்ணுக்கு உன்னைத் திட்டுனா, ஒண்ணுக்கு உன்னையக் கும்பிடணும். ரெண்டும் எனக்கு ஆகாது, போ."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தை எடுத்தேன். புதுப்பிக்கிறீர்களா என்று கேட்கவே நாக்கு கூசியது. பின்னே எதற்கு வந்தேன் என்றார். சுருக்குப் பையிலிருந்து எண்ணூறு ரூபாயை எடுத்து மேசைமேல் வைத்தார். குடும்பத் தலைவர் என்ற வரியில் அக்கா பெயரை எழுதினேன். மகன், மகள், மாமியார் இருந்த இடத்தில் அவர் அம்மா. நான்கு ஆயிற்று. அண்ணன் இல்லாமல் காலியான வரிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் பேனா நின்றது. அவிங்க எடம் அப்படியே கெடக்கட்டும் என்றார் அக்கா. அதில் ஒரு கோடு போட்டேன். மிச்சம் ஒரு வரி. வருடாவருடம் நான் கேட்கிற கேள்வி. கேட்கவில்லை. படிவத்தை மடிக்கப் போனேன்.

"இரு. ஆறாவது எடம்?"

"லாரிக்குன்னு அண்ணன் வெச்சதுங்க" என்றேன்.

"லாரியத்தான் வித்தாச்சே. போன மாசம் வந்து ஓட்டிட்டுப் போயிட்டாங்க. காலியா எதுக்கு உடறது? ஆறு பேருக்கும் சேர்த்துத்தான காசு வாங்கறீங்க. உன் பேரை எழுது."

விளையாட்டு என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். விளையாட்டு இல்லை. எனக்குக் கார்டு இல்லை என்று அக்காவுக்குத் தெரியும், நம்ம கார்டுக்கார அம்மிணிக்கே கார்டு இல்லை பார் என்று அண்ணன் வீட்டில் சொல்லிச் சிரிப்பாராம். குடும்பத்து ஆட்களைத்தான் போட வேண்டும், மேனேஜர் ஒத்துக்க மாட்டார் என்று நான் இழுத்தேன். உறவு என்று ஒரு கட்டம் இருந்தது, அதைக் காட்டினேன். அக்கா அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"நாத்தனான்னு எழுது. அவிங்களுக்குக் கூடப் பொறந்த பொண்ணு ஆரும் இல்லை. அண்ணா அண்ணான்னு நாலு வருசம் கூப்புட்டியே, அது கணக்குல வராதா?"

எழுதினேன். எழுத்து கோணலாகப் போனது. மேனேஜர் கேட்டால் கேட்கட்டும் என்று முத்திரையைக் குத்தினேன். அக்கா எழுந்தார். டாக்டரைப் பார்க்கிற வரிசைப் பக்கம் நாலு எட்டு நடந்தவர், நின்று திரும்பினார்.

"இத பாரு. நெஞ்சு கிஞ்சு வலிச்சா கார்டு இருக்குதுன்னு இங்க ஓடியாரக் கூடாது. எது பக்கமோ அங்க போகணும். காசு பார்க்கக் கூடாது. கேக்குதா?"

அண்ணனுக்குச் சொல்ல வேண்டியதை எனக்குச் சொல்கிறார் என்று தெரிந்தது. டோக்கனோடு நின்றிருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சரிங்க அண்ணி" என்றேன்.